ஹேண்ட் கியர் லிங்கேஜை மாத்தி மூணு வருஷம், 22,000 கிலோமீட்டர் ஓட்டினப்புறம்

என் பழைய வண்டி ஸ்டியரிங் பக்கத்துல லிவர் இருக்கிற நாலு கியர் வண்டி, அதான் ஹேண்ட் கியர். முன் சீட்டுல மூணு பேர் கால் இடிக்காம உக்காரட்டும்னு வந்த ஏற்பாடு இது, 1938லயே போண்டியாக் கார்ல ஆப்ஷனா குடுத்தாங்க. உக்கார வசதிதான், ஆனா கைக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல லிங்கேஜ்னு அத்தனை ராடு, அத்தனை புஷ் (ராடு, ஷாஃப்ட் ஆடுற இடத்துல போடுற வளையம்), தேய்றதுக்குன்னே ஒரு கூட்டம்.

மாத்துறதுக்கு முன்னாடி நியூட்ரல்லயே லிவர் தொளதொளன்னு ஆடும். ரெண்டுல இருந்து மூணுக்குப் போறப்ப கேட் தாண்டணும்ல, அதாவது ஒரு கியர் வரிசையில இருந்து அடுத்த வரிசைக்கு, வரிசைய மாத்துற செலக்டர் பாதியில நின்னுக்கிட்டா கியர் அப்படியே இறுகிடும், இறங்கி பானெட்ட தூக்கி பாக்ஸ் மேல இருக்கிற லிவர கையால தள்ளி விட்டாதான் வண்டி நகரும். பின்னாடி ஹாரன் கச்சேரி நடக்கும். பாத்த மெக்கானிக் எல்லாம் "பாக்ஸ இறக்கணும் சார்"னுதான் சொன்னாங்க. நான் இறக்கல. அடியில படுத்துக்கிட்டு வேற ஒருத்தர லிவர ஆட்டச் சொல்லி ஒவ்வொரு ஜாயிண்டா விரல் வச்சுப் பாத்தேன், ஆறு ஜாயிண்ட், ஒவ்வொண்ணுலயும் அரை மில்லிமீட்டர் பிளே, அதாவது சும்மா ஆடுற இடைவெளி. மொத்தம் 3 மில்லி, பெரிசா தெரியாது, ஆனா கை புடிக்கிற லிவர் 250 மில்லி, ஸ்டியரிங் காலத்துக்கு (ஸ்டியரிங் தண்டு இருக்கிற தூணு) கீழ ராட இழுக்கிற ஆர்ம் 50 மில்லி, அஞ்சு மடங்கு, அப்ப லிவர் குமிழ்ல 15 மில்லி சும்மா ஆடுது. பாக்ஸ் மேல பழி போட்டது தப்பு.

ஸ்டியரிங் காலத்துல லிவர் ஷாஃப்ட் உக்கார்ற இடத்துல கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைஞ்சு போட்டேன். செலக்டர் ராடு, ஷிஃப்ட் ராடு ரெண்டையும் புதுசா செஞ்சு ரெண்டு முனையிலயும் எம்8 (8 மில்லி மரை) ரோஸ் ஜாயிண்ட், அதாவது உள்ள உருண்டை வச்ச மூட்டு, ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை, அப்பதான் கழட்டாமலே ராட திருகி நீளம் செட் பண்ணலாம். ஒரிஜினல் பார்ட் எதையும் வெட்டல, வெல்டிங் வைக்கல, எல்லாம் டேக் கட்டி டப்பாவுல இருக்கு. பழைய வண்டியில இது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன், நாளைக்கு யாராவது பழையபடி வேணும்னு கேப்பாங்க.

மொத நாள் ஓட்டினப்ப ஆஹா ஓஹோன்னு இருந்துச்சு. ஒரு வாரம்தான். மேடு ஏறி ஆக்ஸிலரேட்டர் அழுத்தினா செகண்ட் கியர் தானா நியூட்ரலுக்குத் துள்ளுது, முன்னாடி இப்படி ஒரு தடவகூட ஆனதில்ல, சரி எதையோ கெடுத்துட்டோம்னு ரெண்டு நாள் தூக்கமில்ல. கடைசில பாத்தா எஞ்சின் மவுண்ட்டிங் ரப்பர் உக்காந்து போயிருக்கு. அழுத்தும்போது எஞ்சினும் பாக்ஸும் சேந்து சாயுது, ஸ்டியரிங் காலம் பாடியோட நிக்குது, நடுவுல இருக்கிற ராடு இழுக்குது. முன்னாடி அந்த தொளதொளப்புதான் இந்த இழுவைய முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு, நான் அத எடுத்ததும் குட்டு வெளிப்பட்டுருச்சு. மவுண்ட்டிங் மாத்தினதும் துள்ளல் நின்னுச்சு. யாராவது இந்த வேல செய்யப் போறீங்கன்னா மொதல்ல மவுண்ட்டிங்க பாருங்க, அப்புறம் ராட தொடுங்க.

அப்புறம் ஆசை விடல. பாக்ஸ் பக்கத்துல இருக்கிற ஷிஃப்ட் ஆர்ம் 60 மில்லி இருந்தத 50ல ஓட்ட போட்டு புதுசா ஒரு தகடு ஆர்ம் செஞ்சு மாட்டினேன், கை போற தூரம் ஆறுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆனா தள்ற பலம் அஞ்சுல ஒரு பங்கு கூடிருச்சு. குளிர் எஞ்சின்ல செகண்ட் போட்டா கர்ர்னு கத்தும், கியர் பல்லு வேகத்த சமமாக்குற பழைய சிங்க்ரோவுக்கு அவசரம் ஆகாது. ரெண்டு மாசத்துல 60க்கே திரும்பிட்டேன். அந்தக் குட்டை ஆர்ம் இப்ப பேப்பர் வெயிட்.

நாலாவது மாசம் லாக் நட் லூஸாகி ராடு தானா திரும்பி நீளம் மாறிருச்சு, ரிவர்ஸ் விழல, வண்டிய ஆள் வச்சுத் தள்ளித்தான் பின்னாடி எடுத்தேன். அப்புறம் த்ரெட் லாக் (மரைய இறுக்கிப் பிடிக்கிற பசை) போட்டு நட்டுல பெயிண்ட் கோடு இழுத்து வச்சேன், கோடு நகந்திருக்கான்னு கண்ணால பாத்தா போதும், இதுவரைக்கும் நகரல. ஒவ்வொரு போல்ட்டுலயும் ஜாயிண்ட விட பெரிய வாஷர் ஒண்ணு இருக்கு, உருண்டை கழண்டாலும் ராடு ரோட்ல விழாது.

குறைன்னு சொன்னா சத்தம். ரப்பர் புஷ் இல்லாததால எஞ்சின் நடுக்கம் நேரா லிவருக்கு வருது, ஐடில்ல குமிழ் கிர்ருனு அதிரும். தாங்க முடியாம ஷிஃப்ட் ராடு பாக்ஸ் பக்க முனையில மட்டும் நைலான் புஷ்ஷுக்குப் போனேன், பாதி அதிர்வு போச்சு, பிளே கொஞ்சம் வந்துச்சு, பரவாயில்ல. தூசி ரப்பர் இல்லாத ரோஸ் ஜாயிண்ட் ஒண்ணு 15,000லயே கடகடன்னு ஆயிருச்சு, ரப்பர் போட்டதெல்லாம் இன்னும் புதுசு மாதிரி இருக்கு.

இப்ப குமிழ்ல பிளே 4 மில்லி. கேட்ல மாட்டி பானெட் தூக்கினது மூணு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. நின்ன வண்டிய ஃபர்ஸ்ட்டுக்குப் போடும்போது மட்டும் க்ளட்ச அமுக்கி ரெண்டு எண்ணிட்டுதான் போடணும், அது லிங்கேஜ் கோளாறு இல்ல, அந்தப் பாக்ஸ் பொறந்ததுல இருந்தே அப்படித்தான்.