ஓப்பன்சிவி ஜன்னலில் மவுஸால் கட்டம் போடுவது: ஐந்து வருடப் புழக்கத்துக்குப் பிறகு

திருப்பூரில் ஒரு சின்ன பின்னலாடை யூனிட்டுக்காகத்தான் ஓப்பன்சிவியை, அதாவது படங்களைக் கையாளும் நிரல் நூலகத்தை, முதலில் தொட்டேன். ஓடும் துணியைக் கேமராவில் பிடித்து, குறை எங்கே இருக்கிறதென்று நிரலே கண்டுபிடிக்க வேண்டும். படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. எது ஓட்டை, எது எண்ணெய்க் கறை, எது ஊசிக்கோடு என்று யாராவது கட்டம் போட்டுக் காட்டினால்தான், படம் பார்த்துக் கற்கும் நிரலான மாடலுக்குப் பாடம் ஏறும். அதைக் காட்டத் தெரிந்தவர் நான் இல்லை. செக்கிங் டேபிளில் பல வருடம் நின்று பழகிய ஓர் அக்கா. அவருக்குக் கணினியில் தெரிந்தது மவுஸ் மட்டும்.

கட்டம் போடுவதற்கென்றே தயார்நிலை மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. இரண்டைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றில் லாகின், இன்னொன்றில் மூன்று மெனு தாண்டினால்தான் கட்டம். அந்த அறையில் இணையமும் கிடையாது. கடைசியில் பைத்தானில் அறுபது வரி எழுதினேன். அந்த அறுபது வரி இன்று இருநூறு வரியாகி, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பது எளிது. ‘நேம்ட்விண்டோ’ என்று ஒரு ஜன்னலைத் திறக்கிறோம். ‘செட்மவுஸ்கால்பேக்’ மூலம் அந்த ஜன்னலின் பெயரோடு நம் ஃபங்ஷன் ஒன்றை முடிச்சுப் போடுகிறோம். அதற்குப் பிறகு அந்த ஜன்னலின் மேல் மவுஸ் அசைந்தாலோ அழுத்தினாலோ அந்த ஃபங்ஷனுக்கு ஐந்து சேதி வரும்: என்ன நடந்தது, எக்ஸ், ஒய், கூட எந்தப் பட்டனும் கீயும் அழுத்தியிருக்கிறது, நாம் கொடுத்தனுப்பிய பொருள். ஜன்னல் திறக்கும் முன்பே முடிச்சுப் போட்டால் பிழை. கீ அழுத்தலுக்குக் காத்திருக்கும் ‘வெயிட்கீ’ சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் மவுஸ் சேதியும் நிற்கும். நாம் முடிச்சுப் போட்ட ஃபங்ஷனுக்குள், அதாவது கால்பேக்குக்குள், பிழை வந்தால் நிரல் சாகாது, டெர்மினலில் புலம்பிவிட்டு ஜன்னல் பாட்டுக்கு ஓடும். டெர்மினலை மினிமைஸ் செய்துவிட்டு ஒரு மதியம் முழுக்க ‘கட்டம் ஏன் வரவில்லை’ என்று நான் தேடியது அதனால்தான்.

முதல் வாரத்தில் கண்ணில் பட்ட கோளாறு, வால் பிடிக்கும் கட்டம். மவுஸை இழுக்க இழுக்க ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு செவ்வகம் வரைகிறோம், பழையது அழிவதில்லை. பாயைச் சுருட்டி வைத்தது போல நூறு கோடுகள். பயிற்சிப் பாடங்களில் செவ்வகத்தின் தடிமனுக்கு -1 கொடுத்து உள்ளே நிரப்பியே வரைந்து காட்டுவதால் இது தெரியாமல் போய்விடுகிறது. வெறும் கோடாக மாற்றிப் பாருங்கள், சாயம் வெளுக்கும். அசலை ‘காப்பி’ எடுத்து அதில் வரையுங்கள் என்பார்கள். சரிதான். ஆனால் படம் எண்களாக இருக்கும் நம்பை அணியில் வெறும் சமக்குறி போட்டால் அது நகலே இல்லை, அதே படத்துக்கு இன்னொரு பெயர். அப்படி எழுதி நான் கெடுத்த படங்கள் எத்தனையோ. சிவப்புக் கோடு பதிந்தபடியே சேமித்துவிட்டேன். அவற்றைக் கொடுத்துப் பயிற்சி செய்திருந்தால், மாடல் துணியில் குறையைத் தேடாமல் சிவப்புக் கோட்டைத் தேடியிருக்கும். (அந்தச் சிவப்பும் 0, 0, 255. ஓப்பன்சிவியில் நீலம் முதலில் வரும் என்பதை இன்றுகூட வாரம் ஒருமுறை மறக்கிறேன்.)

அதன் பிறகு முறையையே மாற்றினேன். மவுஸ் படத்தின் மேல் எதையும் வரைவதில்லை. ஒரு பட்டியலில் எண்களைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் அசலிலிருந்து நகல் எடுத்து, பட்டியலில் உள்ளதையெல்லாம் புதிதாக வரைந்து காட்டுகிறேன். தப்பாகப் போட்டதை நீக்குவது இதனால் ஒரு வரி வேலை: பட்டியலின் கடைசியை உருவிவிடு, ‘யூ’ கீயில் கட்டிவிடு. அக்கா அதிகம் பயன்படுத்துவது அந்தக் கீயைத்தான்.

ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

“ஏனுங் தம்பி, மேலிருந்து கீழ இழுத்தா சேவ் ஆகுது. கீழிருந்து மேல இழுத்தா பொட்டி தெரியுது, ஆனா சேவ் ஆகறதில்லீங்களே?”

நான் சோதித்தபோதெல்லாம் இடது மேல் மூலையில் தொடங்கித்தான் இழுத்திருந்தேன். செவ்வகம் வரையும் ஃபங்ஷனுக்கு எந்த மூலை முதலில் வந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்த எண்களை வைத்துப் படத்தை வெட்டும்போது, தொடக்கம் முடிவைவிடப் பெரிதாக இருந்தால் கைக்கு வருவது காலி அணி. இரண்டு எக்ஸில் சிறியது எது, இரண்டு ஒய்யில் சிறியது எது என்று வரிசைப்படுத்தினால் தீர்ந்தது. வரையும்போது எக்ஸ், ஒய். வெட்டும்போது ஒய், எக்ஸ் என்ற குழப்பமும் இதே இடத்தில்தான் காலை வாரும்.

என் நேரத்தை அதிகம் தின்றது அளவு விவகாரம். கேமரா கொடுப்பது 2448-க்கு 2048. அங்கிருந்த லேப்டாப்பின் திரை 1366-க்கு 768. படத்தை 0.3 மடங்காகச் சுருக்கிக் காட்டினேன். மவுஸ் சொல்வது சுருங்கிய படத்தின் எண்கள்; நான் அவற்றை அப்படியே கோப்பில் எழுதினேன். முந்நூறு படம் முடிந்த பிறகு அசல் படத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாக் கட்டமும் இடது மேல் மூலையில் குவிந்து கிடந்தன. 0.3-ஆல் வகுத்து மீட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தால், ஊசிக்கோடு கைகொடுக்கவில்லை. திரையில் ஒரு புள்ளி நகர்ந்தால் அசலில் மூன்றுக்கு மேல் நகர்கிறது. நான்கு புள்ளி அகலக் கோட்டுக்கு அது பெரிய பிழை. அந்தப் படங்களை அக்கா திரும்பப் போட வேண்டியதாயிற்று. ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

அதற்காகச் சேர்த்ததுதான் பெரிதாக்கும் வசதி. விண்டோஸில் மவுஸ் சக்கரம் சுழன்றாலும் சேதி வருகிறது, எந்தப் பக்கம் சுழன்றது என்பதும் தெரிகிறது. ஆனால் எங்கே பெரிதாக்குவது, எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்ற கணக்கு முழுக்க நம் தலையில். இந்த நூலகத்தில் எனக்கு உண்மையான வருத்தம் இதுதான். கட்டம் போட ஒரு மணி நேரம், பெரிதாக்கிக் காட்ட ஒரு வாரம்.

பிறகு வேகம். கேமரா தரும் அளவில் ஒரு வண்ணப் படம் நினைவகத்தில் ஏறத்தாழ 15 எம்பி. மவுஸ் அசையும் ஒவ்வொரு முறையும் கால்பேக்குக்குள்ளேயே நகலெடுத்து வரைந்தால் கட்டம் கைக்குப் பின்னால் தள்ளாடி வரும். கால்பேக்கில் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு, வரைவதை வெளிச் சுற்றில் வைத்தேன். அசலை அல்ல, சுருங்கிய படத்தை நகலெடுத்தேன். தள்ளாட்டம் போய்விட்டது.

கறைக்குக் கட்டம் பொருந்தாது, அதன் ஓரம் வளைந்து நெளிந்து போகும். பலகோணம் போடச் சொல்லி, இரட்டைக் கிளிக்கில் மூடுவதாக வைத்தேன். இரட்டைக் கிளிக் சேதி வருவதற்கு முன்பே முதல் கிளிக்கின் சேதியும் வந்துவிடுவதால், கடைசியில் வேண்டாத ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டது. வலது கிளிக்குக்கு மாற்றினேன். தூரிகை போலத் தேய்க்கும் முறையில் இன்னொரு பாடம்: கை வேகமாக ஓடினால் மவுஸ் எல்லாப் புள்ளியையும் சொல்வதில்லை. வட்டம் வட்டமாக வைத்தால் புள்ளிக்கோலம்தான் மிஞ்சும். முந்தைய புள்ளியிலிருந்து இப்போதைய புள்ளிக்குத் தடித்த கோடு இழுக்க வேண்டும்.

ஒரே ஒரு கட்டம் போதுமென்றால் இதெல்லாம் எதற்கு? ‘செலக்ட்ஆர்ஓஐ’ என்று ஆயத்தமாகவே ஒன்று இருக்கிறது. இழுத்து, என்டர் தட்டினால் இடம், அகலம், உயரம் கைக்கு வந்துவிடும். கேமராவைப் பொருத்தும்போது நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இடம் மாறினால் மட்டும் எச்சரிக்கை. லினக்ஸில், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் மூலம் நிறுவியபோது, ஜன்னல் க்யூட்டி என்ற வேறொரு ஜன்னல் கருவியின் முகத்தோடு வந்தது. வலது கிளிக் செய்தால் என் பலகோணம் மூடுவதற்குப் பதில் அதன் மெனு திறந்தது. ஜன்னல் திறக்கும்போது ‘விண்டோ_ஜியுஐ_நார்மல்’ கொடுத்த பின் அடங்கியது. சர்வரில் திரை தேவையில்லாத ‘ஹெட்லெஸ்’ பதிப்பு இருந்தால் ஜன்னலே கிடையாது. பிரவுசரில் பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபிலும் இந்த மவுஸ் வேலை நடக்காது.

சென்ற மாதம் அக்காவுக்கு உதவியாக இன்னொரு பெண் சேர்ந்தார். கட்டத்தின் மேல் குறையின் பெயர் தமிழில் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார். படத்தில் எழுத்துப் போடும் ‘புட்டெக்ஸ்ட்’டில் ‘ஓட்டை’ என்று கொடுத்தேன், திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அதில் இருக்கும் ஹெர்ஷி எழுத்துருக்களுக்குத் தமிழ் தெரியாது. பில்லோ நூலகத்தில் தமிழ் எழுத்துருவை ஏற்றி எழுதி, அந்தத் துண்டைப் படத்தில் ஒட்டினேன். முதலில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்று ‘எண்ணெய்’ குழம்பியது, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் நூலகத்தை ஏற்றிய பிறகு முன்னால் வந்தது. இப்போது ‘எண்ணெய்க் கறை’ என்று ஒழுங்காக வாசிக்கிறார்கள். அக்கா மட்டும் ‘ஆயில்’ என்றே போடச் சொல்கிறார், சின்னதாக இருக்குமாம், துணியை மறைக்காதாம். இன்று மாற்ற வேண்டும்.