18 இன்ச் ஆசையில் 74,000 ரூபாய் போச்சு: எலக்ட்ரிக் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிறு மழையில் ஒரு பள்ளம். தண்ணீர் நின்றதால் தெரியவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம், ரிம் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. மூன்று மாதம்கூட ஆகாத வீல், மூன்று மாதம்கூட ஆகாத டயர். 74,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் 'போனது போகட்டும்' என்று விட்டுவிடுவேன்.

கடைப் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற அலாய் வீல் கடைகளில் ஒன்று. ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை, ஜி.எஸ்.டி. பில் மட்டும் கிடையாது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

என்னுடையது 40 யூனிட் பேட்டரி போட்ட எலக்ட்ரிக் எஸ்யூவி. கம்பெனியிலிருந்து வந்தது 215/60 ஆர்16 டயர்; அதாவது 215 மில்லிமீட்டர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கவாட்டு உயரம், 16 இன்ச் ரிம். ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பார்க்கிங்கில் பக்கத்து வண்டி பெரிய வீலோடு நிற்கும்போது என் வண்டி சின்னச் செருப்பு போட்ட பெரிய ஆள் மாதிரி தெரியும். இந்த அற்ப ஆசைதான் ஆரம்பம், ஒத்துக்கொள்கிறேன். ஆடி ஆஃபர் போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்தேன்.

நான் நம்பின அந்த நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். "அண்ணா, நாங்க சும்மா பெரிய வீலை மாட்டிவிட்டு அனுப்புற ஆளுங்க இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தான். டயர் கணக்குப் போட்டுக் காட்டினான். பழைய டயரின் மொத்த விட்டம் 66.4 செ.மீ.; 225/45 ஆர்18 போட்டால் 66 செ.மீ. "ஒரு பர்சன்ட்கூட வித்தியாசம் இல்லண்ணா. ஸ்பீடோமீட்டர்கூட மாறாது. கம்பெனிக்காரங்களே இப்படித்தான் பண்றாங்க" என்றான். அதுவும் உண்மைதான். மஹிந்திரா பிஇ 6 காரில் 18 இன்ச் வீலுக்கு 245/60, 19 இன்ச் வீலுக்கு 245/55 என்று கொடுக்கிறார்கள். இரண்டுமே சுமார் 75 செ.மீ. வரும். வீட்டில் வந்து நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. கணக்குத் தெரிந்த கடை என்று நம்பிவிட்டேன். ஒரு உண்மையைக் காட்டி மூன்றை மறைத்திருக்கிறான் என்பது அப்போது தெரியவில்லை.

"இது ஈ.வி. ஸ்பெஷல் டயர்ணா, ரேஞ்ச் குறையாது" என்றான். ரேஞ்ச் என்றால் ஒரு ஃபுல் சார்ஜில் ஓடுகிற தூரம். நாலு வீல், நாலு டயர் 92,000. பழைய செட்டுக்கு 18,000 கழித்து 74,000. யுபிஐயில் இரண்டு தடவையாக அனுப்பினேன். பில் கேட்டபோது, "பில் போட்டா ஜி.எஸ்.டி. தனியா வரும், உங்களுக்கு எதுக்குண்ணா வீண் செலவு?" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். நானும் என்னவோ லாபம் பார்த்த மாதிரி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேலை செய்த பையன் ஜாக்கை நேராகப் பேட்டரிப் பெட்டிக்கு அடியில் தள்ளினான். நான் கத்தினதால் நகர்த்தினான். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிவர விழுப்புரம் போனேன். போக வர 270 கிலோமீட்டர். முன்பெல்லாம் ஃபுல் சார்ஜில் போய்விட்டு 10 சதவீதத்தோடு வீடு வந்து சேர்வேன். அன்றைக்குப் பரனூர் டோல்கேட்டிலேயே 6 சதவீதம்; வீட்டுக்கு இன்னும் 25 கிலோமீட்டர். ஏசியை அணைத்துவிட்டு, வழியில் ஒரு சார்ஜரைத் தேடி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா கேட்டார்: "பழைய சக்கரத்துக்கு என்னப்பா குறை?" நான் பதில் சொல்லவில்லை. கிலோமீட்டருக்கு 135 வாட் அவர் (ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட்) குடித்துக்கொண்டிருந்த வண்டி 155 குடிக்கிறது. வீல் கனம், டயர் அகலம், ரப்பர் ஒட்டுகிற ரகம். பெட்ரோல் வண்டியில் இது மாதக் கடைசியில்தான் தெரியும். நம் வண்டியில் நடுரோட்டில் தெரிகிறது. டெஸ்லா ஒரே காருக்கு வீல் அளவைப் பொறுத்து வெவ்வேறு ரேஞ்ச் போடுவது சும்மா இல்லை.

கடைக்குப் போன் போட்டேன். "புது டயர் செட் ஆகணும்ணா, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். "ஏசியைக் கொஞ்சம் கம்மியா வைங்க." வைத்தேன். "பேட்டரி வீக் ஆகியிருக்கும், சர்வீஸ்ல காட்டுங்க." காட்டினேன், பேட்டரியில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கப்புறம் "ஓனர் வெளியூர் போயிருக்கார்" மட்டும்தான். ஒரு மனிதன் மூன்று வாரம் எந்த ஊரில் இருப்பான்?

வீக்கம் வந்த டயரைக் கழற்றி எங்கள் தெருமுனை பஞ்சர் கடை பாயிடம் கொண்டுபோனேன். அவர் ஈரத்துணியால் டயரைத் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். பக்கவாட்டில் 225/45 ஆர்18 என்பதற்குப் பக்கத்தில் 91 என்று இருந்தது. "உங்க பழைய டயர்ல 95 இருந்திருக்கும் சார்" என்றார். வண்டிக் கதவோரத்து ஸ்டிக்கரையும் கையேட்டையும் பார்த்தேன், 95தான். டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்கிற பாரக் குறியீட்டு எண் இது. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615. டயருக்கு 75 கிலோ குறைவு, அதுவும் பேட்டரி சுமக்கிற வண்டியில். அதே அளவில் கூடுதல் பாரம் தாங்குகிற 95 எக்ஸ்.எல். என்று கிடைக்கிறது, விலை கூட. அதனால்தான் எனக்கு 91.

அப்புறம் டயரைத் திருப்பிப் போட்டார். உள்பக்கம் பார்த்து மாட்டியிருந்த பக்கத்தில், டிஓடி என்று தொடங்குகிற வரிசையின் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 0921. 2021-ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம் செய்த டயர். புதுசு என்று விற்றது, நான் வாங்கும்போதே நாலு வயசு தாண்டியது. நாலையும் பார்த்தோம். நாலும் 0921.

பள்ளத்துக்குக் காரணம் இன்னும் எளிது. பழைய டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 129 மில்லிமீட்டர் ரப்பர் இருந்தது. இதில் 101. ஒரு இன்ச்சுக்கும் மேல் போய்விட்டது. நம்ம ஊர் மழைக்காலத்துக்கு அந்த ஒரு இன்ச்தான் வாழ்வு. விட்டம் மாறாது என்று கணக்குப் போட்டுக் காட்டினவன் இந்தக் கணக்கைக் காட்டவில்லை.

நேற்று நேரிலேயே போனேன். வெளியூர் போன ஓனர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "பள்ளத்துல விட்டா யார் சார் பொறுப்பு?" என்றார். 91 பற்றிக் கேட்டேன். "நாலு டயரும் சேர்த்து 2,460 கிலோ தாங்கும். உங்க வண்டி 1,400தானே?" என்றார். ஆள் ஏறி, சாமான் ஏறி, பிரேக் அடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதெல்லாம் அவர் கணக்கில் வராது. 0921 பற்றிக் கேட்டேன். "அது மாடல் நம்பர்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். டயர் கம்பெனி வாரன்டிக்குப் போகலாம் என்றால் பில் வேண்டும். பில்தான் இல்லையே!

திரும்பும்போது மூலையில் என் பழைய வீல்கள். நாலும் டயரோடு அடுக்கியிருந்தன. அபார்ட்மென்ட் தூணில் என் மனைவி உரசின பிறைக் கீறல் அப்படியே இருக்கிறது. என்னிடம் 18,000க்கு எடுத்ததன் மேல் சாக்பீஸில் 36 என்று எழுதியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பையன் சொல்கிறான்: "வேணும்னா எடுத்துக்கங்கண்ணா, உங்களுக்குன்னா முப்பத்திநாலு." என் வீலை எனக்கே!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: விட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பாரக் குறியீட்டு எண் கம்பெனி கொடுத்ததற்கு ஒன்றுகூடக் குறையக் கூடாது. மாட்டுவதற்கு முன்னால் டயரின் இரண்டு பக்கமும் திருப்பி அந்த நாலு எண்ணைப் பாருங்கள். பழைய வீலைக் கொடுக்காதீர்கள், மாடியில் கிடந்தாலும் கிடக்கட்டும். இன்சூரன்ஸில் சொல்லாமல் மாற்றின வீலுக்கு கிளெய்ம் கேட்டால் பிரச்சினை. முக்கியமாக, பில்.

நான் இன்று காலை தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். 5 லட்சம் வரை நுகர்வோர் மன்றத்தில் கட்டணம் இல்லை, நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தெரிந்த வக்கீலிடம் பேசினேன், "என்ன ஆவணம் இருக்கு?" என்றார். யுபிஐ ரசீது இரண்டு இருக்கிறது, ஏதோ ஒரு தனிநபர் பேரில். அப்புறம் அந்தத் துண்டுச் சீட்டு. பிரித்துப் பார்த்தேன். 'வீல் 4, டயர் 4, 74,000' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கிறது. கடைப் பெயர்கூட இல்லை.