டிவி வால் மவுன்ட்: ஃபிக்ஸட், டில்ட், ஃபுல் மோஷன் – உங்கள் சுவர் எதைத் தாங்கும்?

வால் மவுன்ட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டிவியின் அங்குலத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, சுவர் எதனால் ஆனது என்பது. அதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளுக்கு என் ஓட்டு டில்ட் மவுன்டுக்குத்தான். மற்ற இரண்டுக்கும் உரிய இடம் உண்டு, ஆனால் அது பலரும் நினைப்பதைவிடச் சிறியது.

ஃபிக்ஸட் என்பது டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டுவது; இடைவெளி 2 முதல் 3 செ.மீ. டில்ட் என்றால் இடைவெளி 5 முதல் 7 செ.மீ. இருக்கும், திரையைக் கீழ்நோக்கி 10 முதல் 15 பாகை வரை சாய்க்கலாம். ஃபுல் மோஷனில் மடங்கும் கை இருக்கும். டிவியை 40, 50 செ.மீ. வெளியே இழுத்து இடம் வலமாகத் திருப்பலாம். மோட்டார் வைத்தவற்றையும் மேற்கூரையில் தொங்குபவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைப் பல ஆண்டு பயன்பாட்டில் பார்த்ததில்லை என்பதால் நல்லது கெட்டது சொல்வது சரியாக இராது.

டிவி மவுன்டில் பொருந்துமா என்பது எளிய விஷயம். டிவியின் பின்பக்கத்தில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்தால் அதுதான் வெசா அளவு: 200×200, 400×200, 400×400 என்று வரும். மவுன்ட் பெட்டியில் அந்த அளவும் டிவியின் எடையும் அடங்கினால் போதும். இதில் தவறு நடப்பது அரிது. தவறு நடப்பதெல்லாம் சுவரில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிவி 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுவரில் பதியும் தட்டின் மேல் வரிசைத் திருகாணிக்கும் கீழ் விளிம்புக்கும் 20 செ.மீ. தூரம். டிவியின் எடை கீழ்நோக்கி இறங்குவது மூன்று மவுன்டிலும் ஒன்றுதான். அதைத் திருகாணிகள் எளிதில் தாங்கும். ஆபத்து, மேல் திருகாணியைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கும் இழுவையில் இருக்கிறது. டிவியின் எடை மையம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழுவை கூடும். ஃபிக்ஸடில் மையம் சுமார் 6 செ.மீ. தள்ளி இருக்கும்: 18×6÷20, அதாவது ஐந்தரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டில்டில் 10 செ.மீ. என்றால் 9 கிலோ. ஃபுல் மோஷனில் கையை 50 செ.மீ. நீட்டினால் 45 கிலோ. கையின் சொந்த எடையையும் சேர்த்தால் 50ஐத் தாண்டும். குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

அந்த 50 கிலோவும் ஒரே நிலையில் நிற்பதில்லை. டிவியை இடப்பக்கம் திருப்பினால் சுமை ஒரு பக்கத் திருகாணிக்குப் போகும், மடக்கினால் குறையும், மறுபடி இழுத்தால் கூடும். இழுப்பவரின் கை விசையும் அதோடு சேரும். இப்படி ஏறி இறங்கும் சுமைதான், திருகாணியைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளக்கைத் தளர்த்துகிறது. முதல் மாதம் கெட்டியாக இருந்த மவுன்ட் ஓராண்டு கழித்து ஆடத் தொடங்குவது இதனால்தான். டில்டில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. மாட்டிய நாளில் இருந்த 9 கிலோதான் எப்போதும்.

இனி சுவர். பூச்சை முதலில் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், அதற்குப் பிடிமானம் கிடையாது. பூச்சு பெரும்பாலும் 12 முதல் 20 மி.மீ. இருக்கும். மவுன்டோடு இலவசமாக வரும் பிளக் பலவற்றிலும் 40 மி.மீ. நீளம்தான். அப்படியானால் செங்கல்லுக்குள் போவது அதில் பாதி, சில நேரம் இன்னும் சற்று அதிகம். ஃபிக்ஸடுக்கே அது அரைகுறை. ஃபுல் மோஷனுக்கு ஆபத்து. பெட்டியில் வரும் பிளக்கை ஒதுக்கிவிட்டு 10 மி.மீ. விட்டமும் 60 முதல் 80 மி.மீ. நீளமும் உள்ள நல்ல நைலான் பிளக் வாங்குங்கள். திருகாணியின் நீளம்: பிளக்கின் நீளம், தட்டின் தடிமன், திருகாணியின் விட்டம் மூன்றையும் கூட்டினால் வருவது. முனை பிளக்கின் அடியைத் தாண்டி வெளிவந்தால்தான் பிளக் முழுதாக விரியும்.

திடமான செங்கல்லிலும் கான்கிரீட்டிலும் இந்த ஏற்பாட்டில் மூன்று வகை மவுன்டையும் மாட்டலாம். இரும்பு விரிவு போல்ட் கான்கிரீட்டுக்கு மட்டும் நல்லது. செங்கல்லில் அது விரியும்போது கல்லையே பிளந்துவிடும். ஹாலோ பிளாக்கில் நிலைமை வேறு. வெளி ஓடு 3 செ.மீ. அளவுதான், அதற்குப் பின்னால் வெற்றிடம். சாதாரண பிளக்கின் அடிப்பாதி காற்றில் தொங்கும். உள்ளே போய் முடிச்சுப்போல் மடங்கும் பிளக்கோ, வலைக்குழாயில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் இறுகித் திருகாணியைப் பிடிக்கும் பசை) ஊற்றுவதோதான் வழி. காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்லான ஏஏசி பிளாக் மிக மென்மையானது. டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்துவிட்டுத் துளையிட வேண்டும், இல்லையென்றால் துளை குழியாகிவிடும். அதற்கென்று விற்கும் பிளக்கை மட்டும் போடுங்கள். இந்த இரண்டு சுவரிலும் டில்டை நம்பி மாட்டலாம். ஃபுல் மோஷனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜிப்சம் பலகைத் தடுப்பு என்றால் பலகை ஒன்றரை செ.மீ. கூட இருக்காது. உள்ளே 40 அல்லது 60 செ.மீ.க்கு ஒன்றாக நிற்கும் சட்டங்கள்தான் சுமைதாங்கி. டில்டின் அகன்ற தட்டு இரண்டு சட்டங்களை எட்டிப் பிடிக்கும். ஃபுல் மோஷனின் தட்டு பல மாடல்களில் குறுகியது. ஒரே சட்டத்தில் எல்லாச் சுமையும் போய் நிற்கும். அங்கே கட்டாயம் ஃபுல் மோஷன்தான் வேண்டுமென்றால், இரண்டு சட்டங்களையும் பிடிக்கும்படி 18 மி.மீ. பிளைவுட்டைத் திருகி, அதன்மேல் கையை மாட்டுங்கள்.

அப்படியானால் சுவருக்கு மிகக் குறைந்த பாரம் தரும் ஃபிக்ஸடையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். தடை, டிவிக்குப் பின்னால் கை போகாதது. எச்டிஎம்ஐ கேபிளின் தலையும் அது வளையும் இடமும் சேர்ந்தால் 6 செ.மீ. தேவை. டிவியில் கேபிள் செருகும் துளைகள் சுவரைப் பார்த்து இருந்தால் 3 செ.மீ. இடைவெளியில் கேபிள் நுழையாது. நுழைத்து அழுத்தினால் டிவிக்குள் இருக்கும் இணைப்பு முனையே பெயர்ந்துவிடும். பிறகு ஒரு சவுண்ட்பார் சேர்க்கவோ, ஒரு பென்டிரைவ் செருகவோ இரண்டு பேராக டிவியைக் கழற்றி இறக்க வேண்டும். கேபிள் துளைகள் பக்கவாட்டில் மட்டும் இருக்கிற டிவி, மையம் கண் மட்டத்திலேயே வருகிற உயரம், இனி கேபிள் எதுவும் மாற்றப்போவதில்லை என்கிற உறுதி இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஃபிக்ஸட் அழகான தேர்வு. கீழ்ப்பக்கத்தை முன்னே இழுத்து நிறுத்தும் கால் சில ஃபிக்ஸட் மாடல்களில் உண்டு. வாங்கினால் அதைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபுல் மோஷன் தேவைப்படுவது சுவர் மூலையில் டிவி வைக்கும்போதும், ஒரே திரையை இரண்டு இடத்திலிருந்து பார்க்கும்போதும். எல்இடி டிவிகளில் வரும் ஒரு வகைத் திரையான விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். இப்படிப் பார்ப்பவர்களுக்குத் திருப்பும் வசதி உண்மையாகவே பயன்படும். மற்றவர்கள் வாங்கிய புதிதில் நாலு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மடக்கியே வைத்துவிடுகிறார்கள். நீட்டினால் டிவியின் நுனி ஓரிரு செ.மீ. தாழ்வதும் இதில் வழக்கமான குறை. தலைப்பகுதியில் மட்டம் திருத்தும் திருகு இருக்கிற மாடலாக எடுத்தால் சரிசெய்துகொள்ளலாம்.

டில்டிலும் ஒரு வரம்பு இருக்கிறது. பெட்டியில் 15 பாகை என்று போட்டிருந்தாலும் பெரிய டிவியில் அது கிடைக்காது. 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 81 செ.மீ. வெசா துளைகள் நடுவில் இருந்தால், சாய்க்கும்போது 40 செ.மீ. உயரமுள்ள கீழ்ப்பாதி சுவரை நோக்கி வரும். 6 செ.மீ. இடைவெளியில் 8 பாகை தாண்டினாலே கீழ் விளிம்பு சுவரைத் தொட்டுவிடும். ஆனால் தேவையும் அதிகமில்லை. 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து, டிவியின் மையம் கண்ணைவிட 40 செ.மீ. உயரத்தில் இருந்தால் 8 பாகைக்கும் சற்றுக் குறைவான சாய்வே போதும். அதைவிட உயரம் என்றால் சாய்ப்பதைவிட டிவியை இறக்கி மாட்டுவதே கழுத்துக்கு நல்லது.

உயரத்தைத் தரையிலிருந்து குறிக்கும்போது பலர் தடுமாறுவது, மவுன்டின் நடுவை டிவியின் நடுவாக எடுத்துக்கொள்வதால்தான். வெசா துளைகள் பல டிவிகளில் நடுவுக்குக் கீழே இருக்கும். டிவியை மெத்தையில் குப்புறப் படுக்கவைத்து, மவுன்டின் பின்பக்கக் கம்பிகளை மாட்டிவிட்டு, அவை சுவர்த் தட்டில் தொங்கும் கொக்கியின் உள்விளிம்பிலிருந்து திரையின் கீழ் விளிம்பு வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் தரையிலிருந்து 100 முதல் 110 செ.மீ. அங்கே திரையின் மையம் வரும்படி கணக்கிட்டு, கொக்கி தொங்கும் கோட்டைச் சுவரில் போடுங்கள்.

அந்த நேரத்திலேயே டிவி போல்ட்டையும் சரிபார்க்க வேண்டும். சிறிய டிவிகளில் எம்4, நடுத்தரத்தில் எம்6, பெரியவற்றில் எம்8 என்பது பொது வழக்கம் (எண், போல்ட்டின் விட்டம் மி.மீ.இல்). துளைக்குள் ஒரு பல்குச்சியை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட், தட்டையும் வாஷரையும் தாண்டி அந்த ஆழத்துக்குள்தான் நிற்க வேண்டும். நீளமான போல்ட்டை அடி முட்டிய பிறகும் முறுக்கினால் உள்ளே இருக்கும் போர்டையோ பேனலையோ அது துளைக்கும். குறைவான நீளமென்றால் இரண்டு மூன்று மரையில் தொங்கி, கழன்று வரும். கையாலேயே ஆறு சுற்றாவது போக வேண்டும். துளை குழிவாக இருந்தால் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் சிறு குழாய்) போட்டு, அதற்கேற்ப நீள போல்ட்.

சுவரில் துளையிடும் முன் மின்கம்பி போகும் பாதையைப் பாருங்கள். சுவிட்ச் பெட்டிக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, ஒரே கிடைமட்டத்தில் துளையிட வேண்டாம். கம்பி கண்டறியும் கருவி இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டு, வேறு பக்கத்திலிருந்து வரும் மின்சாரத்திலோ பேட்டரி டிரில்லிலோ வேலை செய்வது பாதுகாப்பு.

நான்கு துளைகளையும் ஒரே நேரத்தில் குறிக்காதீர்கள். முதல் துளையை மட்டும் போட்டு, தட்டைத் தளர்வாகத் தொங்கவிட்டு, ரசமட்டத்தை அதன்மேல் வைத்து மட்டம் பார்த்துவிட்டு மற்றவற்றைக் குறியுங்கள். முதலில் 6 மி.மீ. பிட், பிறகு 10 மி.மீ.; செங்கல் உடையாமல் துளை வட்டமாக வரும். பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. கூடுதலாகப் போங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல், சாம்பல் நிற மணல் வந்தால் பூச்சோ கலவை இணைப்போ. பூச்சின் தடிமனைத் தாண்டிய பிறகும் மணலே வந்தால் இணைப்பில் இறங்குகிறீர்கள் என்று பொருள். தட்டின் நீளத் துளையில் இரண்டு செ.மீ. நகர்த்திக்கொள்ளுங்கள். துளையில் தங்கும் தூளை ஊதியோ வாக்குவமாலோ எடுக்காவிட்டால் பிளக் வழுக்கும்.

திருகாணி முறுக்கும்போது பிளக்கும் சேர்ந்து சுழன்றால் துளை பெரிதாகிவிட்டது. தீக்குச்சியும் காகிதமும் திணிப்பது அன்றைக்கு மட்டும்தான் பிடிக்கும். 12 மி.மீ. பிளக்குக்கு மாறுங்கள், அல்லது கெமிக்கல் ஆங்கர் ஊற்றி, அதன் குழாயில் எழுதியிருக்கும் நேரம் காய விடுங்கள். எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு தட்டின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் நன்றாக இழுத்துப் பாருங்கள். துளியாவது அசைந்தால் டிவியை மாட்டக் கூடாது.

மாட்டுவது இரண்டு பேர் வேலை. கொக்கி உட்கார்ந்த சத்தம் கேட்டதும் விட்டுவிடாமல், கீழே உள்ள பூட்டுத் திருகையும் முறுக்குங்கள். டில்டில் அடிக்கடி வரும் ஒரே தொல்லை, சாய்த்த நிலையில் நிற்காமல் டிவி தானாகவே தலை குனிவது. பக்கக் கம்பிகளில் உள்ள உராய்வு போல்ட் இரண்டையும் ஒரே அளவுக்கு இறுக்கினால் நின்றுவிடும். ஒன்றை மட்டும் இறுக்கினால் திரை கோணலாகும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை அவற்றையும் சுவர்த் திருகாணிகளையும் தொட்டுப் பாருங்கள். மிஞ்சிய போல்ட், ஸ்பேசர், வாஷர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டிவியின் மேஜைக் கால்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த டிவியின் துளை எம்6 ஆகவோ எம்8 ஆகவோ மாறக்கூடும்.