சீப்புப் பல் விளிம்பும் எஃப்எஸ்எல் எடியும்

குழந்தையை ஸ்கேன் செய்த டிஃப்யூஷன் எம்ஆர்ஐயை (மூளையில் நீர் எந்தத் திசையில் பரவுகிறது என்று காட்டும் ஸ்கேன்) பக்கவாட்டுக் கோணத்தில் திறந்து, வால்யூம் வால்யூமாக (ஒரு திசைக்கு ஒன்றாக எடுத்த முழுத் தலைப் படம்) ஓட்டிப் பாருங்கள். நெற்றி விளிம்பு சீப்புப் பல் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நின்றால், அந்த வால்யூம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை திரும்பியிருக்கிறது. தலையைக் கிடைவெட்டாகக் காட்டும் ஸ்லைஸ்களில் ஒற்றைப்படையை முதலிலும் இரட்டைப்படையைப் பிறகும் எடுக்கும் வரிசையில், டிஆர் (ஒரு வால்யூம் எடுக்க ஆகும் நேரம்) 4 விநாடி என்றால் பக்கத்துப் பக்கத்து ஸ்லைஸ்களுக்கு நடுவே சுமார் 2 விநாடி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தாராளம்.

வால்யூமை ஒரே கட்டியாக நகர்த்தும் திருத்தம் இங்கே செல்லாது. ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்எஸ்எல் என்ற மூளைப்பட மென்பொருள் தொகுப்பில் வரும் திருத்தக் கருவியான எடியில் 'எம்பிஆர்டர்' ஆப்ஷனைப் போட்டால், வால்யூமுக்குள்ளேயே அசைவைக் கணித்துத் திருத்துகிறது. குழந்தைத் தரவு கையாள்பவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே எடியை நிறுவலாம்.

ஏன் இவ்வளவு அழுத்தம்? பிறந்த குழந்தையின் வெண்பொருளில் நீர் அதிகம், நரம்பிழை உறையான மயலின் குறைவு. வளர வளர எஃப்ஏ (நீர் ஒரே திசையில் பரவும் அளவைச் சொல்லும் எண்) ஏறுவது உண்மையான மாற்றம்தான். ஆனால் வயது ஏற ஏற ஸ்கேனரில் அசைவதும் குறைகிறது, அசைவோ எஃப்ஏ மதிப்பையே புரட்டும். இரண்டும் கலந்துவிட்டால், வரைபடத்தில் ஏறுவது நரம்பு வளர்ச்சியா, பிள்ளை அடங்கிக் கிடக்கக் கற்றதா என்று பிரிக்கவே முடியாது.

அமைப்புக்கு வருவோம். அசைவை எவ்வளவு நுணுக்கமாகப் பின்தொடர்வது என்று சொல்லும் எம்பிஆர்டர் எண்ணை மொத்த ஸ்லைஸ்களை வைத்துப் போடாதீர்கள். ஒரே சமயத்தில் எடுக்கப்படும் குழுக்களை எண்ணுங்கள். 64 ஸ்லைஸ், மல்டிபேண்ட் 4 (ஒரே சமயத்தில் 4 ஸ்லைஸ்) என்றால் 16 குழு. அதில் கால் பங்கு, அதாவது 4, நல்ல தொடக்கம். எந்த ஸ்லைஸ் எப்போது எடுக்கப்பட்டது என்று சொல்லும் 'எஸ்எல்ஸ்பெக்' கோப்பில் எண்ணிக்கை 0-வில் தொடங்கும். 1-இலிருந்து எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஃபிலிப்ஸ் ஸ்கேனர் என்றால், ஸ்கேன் விவரங்களைத் தாங்கும் ஜேசன் கோப்பில் ஸ்லைஸ் நேரம் பெரும்பாலும் இருக்காது. ஸ்கேன் செய்தவரிடமே கேட்டு வாங்குங்கள். ஊகித்து எழுதிய வரிசை, திருத்தாத படத்தைவிட மோசம்.

கெட்ட ஸ்லைஸ்களை மாற்றி நிரப்பும் 'ரெபோல்' ஆப்ஷன் கட்டாயம். டிஃப்யூஷன் கிரேடியன்ட் ஓடும் நொடியில் தலை அசைந்தால் அந்த ஸ்லைஸ் கறுத்துப்போகும். எடி மற்ற திசைகளின் தரவிலிருந்து அந்த இடத்தைக் கணித்து நிரப்பும். நிரப்பியது கணிப்பு, அளவீடு அல்ல; எந்த ஸ்லைஸ்கள் கெட்டவை என்று ஒதுக்கப்பட்டன எனச் சொல்லும் அவுட்லையர் அறிக்கையைத் திறந்து, ஒரே பகுதியில் எத்தனை திசைகள் போயின என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள். அளந்த திசைகள் குறைவாகவோ, கோளத்தின் ஒரு பாதியில் மட்டுமோ இருந்தால், சிதைவு திசைக்குத் திசை எப்படி மாறுகிறது என்று சொல்லும் 'எஸ்எல்எம்' ஆப்ஷனை லீனியர் என்று வையுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்: ஸ்லைஸ் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் காந்தப்புல நெளிவைக் கணிக்கும் டாப்அப் கருவி தன் வழக்கமான கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பு) நின்றுவிடும். சிறுமூளையில் ஒரு ஸ்லைஸை வெட்டி எறிவதற்குப் பதில், சப்சாம்பிளிங் 1 என்று அமைந்த கான்ஃபிக்கைப் பயன்படுத்துங்கள். மூளையை மட்டும் பிரித்தெடுக்கும் பெட் கருவியின் வழக்கமான வரம்பு 0.5 பெரியவர்களுக்கானது; 0.3 பக்கம் இறக்கிப் பார்த்து, மாஸ்கை (மூளை என்று குறித்த பகுதி) கண்ணால் சரிபாருங்கள். எஃப்ஏ கணக்கிட டென்சர் பொருத்தும்போது, எடி சுழற்றித் தந்த பிவெக் கோப்பையே (திசைகளின் பட்டியல்) கொடுங்கள், பழையதை அல்ல.

குறைகளும் உண்டு. எம்பிஆர்டருக்கு என்விடியா ஜிபியு வேண்டும், அதை இயக்கும் 'கூடா' (CUDA) மென்பொருளின் பதிப்பு பொருந்த வேண்டும். நிறுவுவதே பாதி வேலை. தலை அசைய அசைய மாறும் காந்தப்புல நெளிவைக் கணிக்கும் ஆப்ஷனையும் சேர்த்தால் ஓட்ட நேரம் எக்கச்சக்கமாக நீளும். பிழைச் செய்திகளோ, எழுதியவருக்கே புரியுமா என்பது சந்தேகம்.

இதைவிட முக்கியமான வரம்பு வேறு. தலை சுழன்றதில் எந்த ஸ்லைஸிலும் அகப்படாமல் போன இடத்தை எடியால் அளந்து தர முடியாது. லண்டனில் நடந்த டெவலப்பிங் ஹியூமன் கனெக்டோம் திட்டம் இதை ஸ்கேனரிலேயே பார்த்துக்கொண்டது: 3 மிமீ தடிமன் ஸ்லைஸ்களை 1.5 மிமீ ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எடுத்தார்கள். பி-மதிப்பு (டிஃப்யூஷன் கிரேடியன்ட்டின் வலு) 0-வில் 20, 400-இல் 64, 1000-இல் 88, 2600-இல் 128 என மொத்தம் 300 வால்யூம். பால் குடித்து, துணியில் சுற்றி, காதுக்குக் காப்பு வைத்து, மயக்க மருந்தில்லாமல் தூங்கிய பச்சிளங்குழந்தைகள். அந்தத் தரவு பொதுவில் கிடைக்கிறது. சொந்தத் தரவில் கைவைக்குமுன் ஆப்ஷன்களைப் பழக நல்ல களம். அதே தரவுக்காக எழுதப்பட்ட இன்னொரு திருத்த முறையான ஷார்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எஃப்எஸ்எல் கல்வி, ஆராய்ச்சிக்கு இலவசம். வணிகப் பயன்பாட்டுக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். ஓடி முடிந்ததும் தர அறிக்கை தரும் கருவிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'குவாட்', குழுவுக்கு 'ஸ்குவாட்' ஓட்டி, சராசரி அசைவை வயதுக்கு எதிராக வரைந்து பாருங்கள். கோடு சரிந்திருந்தால், அசைவையும் ஒரு மாறியாகச் சேர்க்காமல் எஃப்ஏ பக்கம் போகாதீர்கள்.