ஏற்காட்டு மலைப்பாதையில் ‘நீல வாண்டா’ வாங்குமுன் பூந்தண்டைப் பாருங்கள்

ஏற்காட்டுக்கு ஏறும் வழியில் ஒரு சாலையோரக் கடையில் ‘இந்த மலையிலேயே வளந்த நீல வாண்டா, லேசுல கிடைக்காதுங்க’ என்று சொல்லி ஒரு செடியை 900 ரூபாய்க்கு விற்றார்கள். அது நீலப் பூ விடும் வாண்டா என்ற ஆர்க்கிட்டே அல்ல. வெள்ளைப் பூ விடும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் தண்டில் ஊசியால் நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அடுத்த முறை பூக்கும்போது பூ வெள்ளையாகத்தான் வரும்.

கண்டுபிடிப்பது எளிது. பூந்தண்டின் கீழ்ப்பகுதியைத் தடவிப் பாருங்கள்: ஊசித்துளை, அதை அடைத்த மெழுகு, சுற்றிலும் நீலக் கறை. இதழின் நரம்புகளில் சாயம் அடர்ந்து நிற்கும். இலையும் காட்டிக்கொடுக்கும். ஃபலனாப்சிஸுக்கு அகலமான, தடித்த இலைகள் அடியிலேயே நாலைந்து இருக்கும். வாண்டாவுக்கு நிமிர்ந்த தண்டின் இருபுறமும் நீள இலைகள் வரிசை கட்டும், தடித்த வேர்கள் வெளியே தொங்கும்.

அசல் நீல வாண்டா வடகிழக்கு மாநிலங்களின் செடி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் தானாக வளர்வதில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் உரிமம் இல்லாத கடையில் வாங்குவதே குற்றம். ஆக, கடைக்காரர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் வாங்கியவருக்கு இன்னும் வம்பு!

சாயத்தைவிடப் பெரிய மோசம் தொட்டிக்குள். அடியில் ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டி, உள்ளே இறுக்கித் திணித்த ஸ்பாக்னம் பாசி. மலைக் குளிரில் சில வாரம் தாக்குப்பிடிக்கும். சேலத்து வெயிலுக்கு வந்ததும் ஈரப் பாசி சூடாகி, காற்றில்லாமல் வேர் அழுகிவிடும். இலை தொய்வதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், கதை முடிந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பாசியை முழுதும் பிரித்தெடுங்கள். அழுத்தினால் நசுங்கும் பழுப்பு வேர்களைத் தீயில் காட்டிய பிளேடால் வெட்டி, வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொடுங்கள். அரை நாள் நிழலில் காயட்டும். பக்கமெல்லாம் துளையுள்ள தொட்டியில் 2 முதல் 3 செ.மீ. அளவுள்ள அடுப்புக்கரியும் ஓட்டுச்சில்லும் சமமாகப் போட்டு வையுங்கள். 75 சதவீத நிழல்வலை போதும். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் வேர் வெள்ளி நிறமான பிறகு. பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது. இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. சில வாரங்கள் இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் பூந்தண்டு கிளம்பும் என்பதால் சேலத்தில் மார்கழி, தையை விட்டால் வாய்ப்பு குறைவு.

பக்கத்திலேயே, குடுவை போன்ற இலையில் பூச்சி பிடிக்கும் செடியை ‘மலை குடுவைச்செடி’ என்றும் விற்கிறார்கள். நம் நாட்டுக் குடுவைச்செடி மேகாலயாவுக்கு உரியது, அதுவும் அதே சட்டப் பட்டியலில் உள்ளது. கடைகளில் வருவது பெரும்பாலும் ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய கலப்பினம்; அதை வாங்குவதில் தவறில்லை. ‘ஆட்டெரு போட்டு போர் தண்ணி ஊத்துங்க’ என்ற யோசனையைத்தான் கேட்கக் கூடாது, உப்பும் எருவும் வேரைக் கருக்கிவிடும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அது வேண்டாம்.