பார்த்திய அரச முகங்கள்: மூன்று வருட அனுபவம்

பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளையும் ஒரு ஏஐ படக்கருவியையும் வைத்துக்கொண்டு மூன்று வருடமாக, சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு ஈரானை ஆண்ட பார்த்திய அரச குடும்பத்து முகங்களைச் சிலைகளிலிருந்தும் காசுகளிலிருந்தும் மீட்டெடுக்கப் பார்க்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஏஐ கருவியிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பத்தே நிமிடத்தில் உயிருள்ள மனிதர் மாதிரி ஒரு முகம் வந்துவிடும், தோல், கண், தாடி எல்லாமே பிரமாதமாக இருக்கும். ஆனால் பார்த்திய அரசர் இரண்டாம் ஒரோடெசின் திராக்மா என்ற வெள்ளிக் காசைப் பாருங்கள், நெற்றியில் ஒரு மரு இருக்கிறது. மகன் நான்காம் பிராட்டீசின் காசுகளிலும் அதே போல ஒன்று உண்டு. சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலமே உள்ள காசில் அந்த மருவையும் செதுக்கியிருக்கிறார்கள் என்றால், அது இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கருவி முதலில் அழிப்பது அதைத்தான். அப்புறம் மூக்கை நேராக்குகிறது, இரண்டு பக்கத்தையும் சமமாக்குகிறது, கடைசியில் எந்த அரசரைக் கொடுத்தாலும் ஒரே அழகான தாடிக்காரர்தான் வருகிறார். மரு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கன்னத்தில் வைக்கிறது.

அதனால் இப்போது முக வடிவம் முழுக்க பிளெண்டரில் கையால்தான் செய்கிறேன். ஒரே அரசரின் பல காசுகளைப் பின்னணியில் வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காசில் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும், முக அகலம் தெரியாது, அதனால் ஒவ்வொருவருக்கும் மூன்று அகலங்களில் செய்து மூன்றையும் சேர்த்தே வெளியிடுகிறேன். ஏஐயை தோல் நிறத்தோடு நிறுத்திக்கொண்டேன். பிளெண்டர் இலவசம், ஒருநாளும் கைவிட்டதில்லை, ஆனால் தாடிச் சுருள்களுக்கு 8 ஜிபி ரேம் போதாது, 16 இருந்தால் நிம்மதி.

ஈரானின் ஷாமியில் கிடைத்த பார்த்திய கால வெண்கலச் சிலையை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தெஹ்ரானில் இருக்கும் அந்தச் சிலை ஆள் உயரத்தைவிடப் பெரியது, ஆனால் தலை தனியாக வார்த்துப் பொருத்தியது, உடம்புக்குச் சிறியது. உடம்பை வைத்துத் தலையின் அளவைக் கணக்கிட்டேன், இரண்டு மாத வேலைக்கு அப்புறம்தான் தவறு புரிந்தது.

ஈரானின் பழைய நகரமான சூசாவில் கிடைத்த பளிங்குப் பெண் தலையை அரசி மூசா என்று பலர் சொல்கிறார்கள். மகன் ஐந்தாம் பிராட்டீசோடு காசில் இடம்பிடித்த அரசி அவள். ஆனால் அந்தத் தலை அவளுடையதுதான் என்பது முடிவான விஷயம் இல்லை, அதனால் என் கோப்பில் அது 'சூசா பெண் தலை' மட்டும்தான். எவ்வளவு பேர் கேட்டாலும் பெயரை மாற்றப் போவதில்லை.

மனதுக்குக் கஷ்டமான வேலை, இன்றைய ஈராக்கில் இருக்கும் பழைய நகரம் ஹத்ரா. பார்த்தியருக்குக் கீழே இருந்த அந்த நகர மன்னர்களின் சிலைகளை மோசுல் அருங்காட்சியகத்தில் உடைத்த காட்சி 2015இல் வெளியானது. உதால் மன்னரின் சிலையும் அதில் போனது. பார்வையாளர்கள் முன்பு எடுத்த படங்களைச் சேர்த்து முப்பரிமாண வடிவம் உண்டாக்கலாம்தான், ஆனால் எல்லோரும் முன்னால் நின்றே எடுத்திருக்கிறார்கள், காதும் பிடரியும் எங்குமே சரியாக இல்லை. அந்த அருங்காட்சியகத்துக்கு முன்பு போய் வந்தவர் யாராவது தெரிந்தால், பக்கவாட்டில் எடுத்த மங்கலான படமாக இருந்தாலும் அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.