மதுரை வெயிலில் ஆப்டோஜெனெடிக்ஸ்: சில வருடம் புழங்கியதில் தெரிந்தவை

நரம்பணுக்கள் தங்களுக்குள் எப்படிச் சேதி கடத்துகின்றன என்பதை ஒளியைக் கொண்டு ஆராயும் முறைக்கு ஆப்டோஜெனெடிக்ஸ் என்று பெயர். இதைப் பற்றித் தமிழில் நான் படித்தவை பெரும்பாலும் 'விளக்கைப் போட்டால் மூளை வேலை செய்கிறது' என்று வியப்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்த விளக்கை வாங்கி, மாட்டி, வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினால் என்ன கிடைக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். மதுரைக்கு மேற்கே ஒரு கல்லூரியில், இரண்டு மேசை போட்டால் நிறைந்துவிடும் அறையில், பழ ஈயின் புழுக்களை வைத்து இதைச் செய்துவருகிறோம். லேசர் நுண்ணோக்கி மாதிரியான பெரிய வசதி எதுவும் கிடையாது. எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கான மதிப்பீடாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி வெளிச்சத்தைத் தேடி நீந்தும். அதற்கு உதவும் புரதங்களில் ஒன்று சேனல்ரோடாப்சின். நீல ஒளி பட்டதும் செல்லின் சவ்வில் திறந்துகொண்டு நேர்மின் அயனிகளை உள்ளே விடும். இதன் மரபணுவை நரம்பணுவுக்குள் வைத்தால் அந்த அணுவும் வெளிச்சத்துக்குப் பதில் சொல்லும். 2005-இல் எட் பாய்டன், கார்ல் டைசராத் குழுவினர் பாலூட்டி நரம்பணுக்களில் இதைச் செய்துகாட்டினார்கள். மின்முனையால் தூண்டினால் அக்கம்பக்கத்து அணுக்களும் சேர்ந்து துள்ளும். இதில் மரபணு வைத்த அணு மட்டும்தான் நேரடியாகத் துள்ளும். பழ ஈயில் எந்த அணுவில் வைப்பது என்று தேர்ந்தெடுக்க, 1993-இல் வந்த கேல்4-யூஏஎஸ் ஏற்பாடு இருக்கிறது. இரண்டு வகை ஈக்களைக் கலப்புச் செய்தால் போதும்.

எங்களிடம் இதற்கு முன் இருந்தவை வெப்பத்தால் இயங்கும் கருவிகள். ட்ரிப்ஏ1 என்ற அயனிக் கால்வாயை வைத்த நரம்பணு சூடு ஏறினால் கிளர்ந்துவிடும். ஷிபிரே மரபணுவின் வெப்பம் தாங்காத வடிவம் இருந்தால், ஏறத்தாழ 29, 30 டிகிரிக்கு மேல் நரம்பு முனையில் சேதிப் பைகள் மறுபடி உருவாகாமல் போய், அடுத்த அணுவுக்குப் போகும் சேதி நின்றுவிடும். அருமையான கருவிகள்தான், குளிர் ஊர்க்காரர்களுக்கு. இங்கே சித்திரையில் வெளியே 40-ஐத் தொடும். கரண்ட் போய் ஏசி நின்றால் அறையே பரிசோதனையைத் தொடங்கிவிடும். ஒரு மே மாத மதியம் அப்படித்தான் ஆனது. ஷிபிரே ஈக்கள் இருந்த குப்பிகளைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் அடியில் மல்லாந்து கிடக்கின்றன. கால்களில் மட்டும் லேசான உதறல். பக்கத்துக் குப்பியில் சாதாரண ஈக்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. கரண்ட் வந்து அறை குளிர்ந்ததும், கிடந்தவை ஒவ்வொன்றாக எழுந்து, இறக்கையைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அன்றைய வேலை போச்சு. ஒளிக்கு மாறியதற்கு முதல் காரணம் இதுதான். மதுரையில் குளிரை உண்டாக்குவதைவிட இருட்டை உண்டாக்குவது சுலபம்.

அந்த இருட்டும் சும்மா கிடைத்துவிடாது. ஜன்னலுக்கும் மேசைக்கும் கறுப்புத் திரை தைக்க, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன தையல்காரர் ஒருவரிடம் போனேன். கெட்டியான கறுப்புத் துணி, இரட்டை மடிப்பு என்றதும் "மாலை போட்டிருக்கீங்களா சாமி?" என்றார். "இல்லண்ணே, ஈ வளக்குறோம், அதுக்கு இருட்டு வேணும்" என்றேன். மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் கணக்குப் போட்டார். தையல் பிரமாதம். இன்றுவரை ஊசிமுனை வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை.

எல்இடி, டிரைவர், அலுமினிய ஹீட்சிங்க் எல்லாம் டவுன்ஹால் ரோடு பக்கத்துக் கடைகளிலும் ஆன்லைனிலுமாகச் சேர்த்தோம். எத்தனை மில்லிநொடி எரிய வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ள ஓர் அர்டுயினோ பலகை போதும். 'ஆய்வகத் தரம்' என்று சொல்லி விற்கும் எல்இடி பெட்டிகளில் பாதி விலை அந்தச் சொல்லுக்குத்தான் என்பது என் எண்ணம். ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு மில்லிவாட் விழுந்தது என்று தெரியாவிட்டால், நேற்று எடுத்த முடிவை இன்று நம்மாலேயே திரும்பக் கொண்டுவர முடியாது.

நிறத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. நீலத்தில் தொடங்கிச் சிவப்புக்கு வந்தோம். சேனல்ரோடாப்சின்-2-க்கு 470 நானோமீட்டர் அளவிலான நீலம் வேண்டும். ஆனால் புழுவுக்கே நீலம் ஆகாது. தலையிலிருக்கும் சின்ன ஒளியுறுப்பு மட்டுமல்ல, தோலுக்கடியில் கிளை பரப்பியிருக்கும் நான்காம் வகை உணர்நரம்புகளும் பலமான நீல ஒளியை உணரும் என்று 2010-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் தூண்ட நினைப்பதும் அதே நரம்பைத்தான். அப்படியானால் புழு நெளிந்தது நாம் வைத்த மரபணுவாலா, அதன் சொந்த இயல்பாலா? 2014-இல் வந்த சிஎஸ்க்ரிம்ஸன் (சுருக்கமாக க்ரிம்ஸன்) என்ற, சிவப்பு ஒளிக்கும் திறக்கும் சேனல்ரோடாப்சின் வகை இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்தது. இதற்கு உச்சம் 590 அருகே, ஆனாலும் 620, 630 சிவப்பிலும் நன்றாகவே திறக்கும். அந்தச் சிவப்பு புழுவின் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, உடம்புக்குள்ளும் நன்றாக இறங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் புழுவின் நடத்தையைப் பார்க்க நீலத்தில் காசு போடவே வேண்டாம்.

சிவப்பிலும் ஒரு தொல்லை உண்டு. இருட்டறை என்றாலே சிவப்பு பல்பு மாட்டத் தோன்றும், க்ரிம்ஸனுக்கோ அதுதான் தூண்டுகோல். சில நேரம் ட்யூப்லைட் வெளிச்சமே போதும், ஆட்டம் தொடங்கிவிடும். அதனால் படம்பிடிக்க 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியும், அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத ராஸ்ப்பெர்ரி பை கேமராவும் வைத்திருக்கிறோம். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே தூரிகையால் புழுவை நகர்த்தப் பழக வேண்டும். புது மாணவர்களுக்குக் கை திரும்பக் கொஞ்ச நாளாகும்.

ஆனால் கிடைக்கும் காட்சி அத்தனைக்கும் தகும். அகர் தட்டில் அரிசி நீளம்கூட இல்லாத வெள்ளைப் புழு சுருங்கி விரிந்து ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் வலி நரம்புகளில், அதாவது மேலே சொன்ன நான்காம் வகையில், க்ரிம்ஸன் இருக்கிறது. சிவப்பு விழுந்ததும் ஊர்வது நிற்கும். உடம்பு ஒரு பக்கமாக வளையும். வளைந்தபடியே பக்கவாட்டில் உருள ஆரம்பிக்கும். முதுகோரம் ஓடும் இரண்டு மூச்சுக்குழல் கோடுகள் மேலே வருவதும் அடியில் மறைவதுமாகத் தெரியும், அதை வைத்துத்தான் சுற்றை எண்ணுகிறோம். விளக்கை அணைத்தால் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று ஊர்ந்து போகும். ஒட்டுண்ணிக் குளவி முட்டையிடக் குத்த வரும்போது தப்பிக்கச் செய்யும் அதே அசைவு. எங்கள் மாணவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் அங்கப்பிரதட்சணம். பதிவு நோட்டிலும் 'அ.பி. எத்தனை' என்றுதான் இருக்கும்.

வலி நரம்பிலிருந்து நரம்பு வடத்திலுள்ள பேசின் அணுக்களுக்கும், அங்கிருந்து வேறு அணுக்கள் வழியாகக் கோரோ என்ற கட்டளை அணுக்களுக்கும் சேதி போகும் பாதையை, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை வைத்து 2015-லேயே வரைந்துவிட்டார்கள். வரைபடம்தான் இருக்கிறதே, அப்புறம் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இணைப்பு இருக்கிறது என்று வரைபடம் சொல்லும். எவ்வளவு சேதி வந்தால் அடுத்த அணு அசைந்துகொடுக்கும் என்பதை அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, உருளல் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது நம் கையில் இருக்கிறது. வலியோடு அதிர்வும் சேர்ந்தால் உருளல் கூடும் என்று அதே ஆய்வு காட்டியிருந்தது. தட்டுக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர் வைத்து நாங்களும் பார்த்தோம், கூடத்தான் செய்கிறது.

இனி குறைகள். பெரிய தலைவலி ரெட்டினால். வைட்டமின் ஏ குடும்பத்து மூலக்கூறான இது கூடச் சேர்ந்தால்தான் இந்தப் புரதங்கள் ஒளியைப் பிடிக்கும். பாலூட்டிகளின் மூளையில் தேவையான அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஈக்கு நாம்தான் தீனியில் கலந்து ஊட்ட வேண்டும். வெளிச்சமும் ஆகாது, சூடும் ஆகாது, விலையும் அதிகம். மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், அகர் போட்டுக் காய்ச்சிய தீனி ஆறிக் கெட்டியாகும் முன்பு, கை பொறுக்கும் சூட்டில் கலந்து, குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். ஒருமுறை கூரியர்காரர்கள் சனி ஞாயிறு முழுக்கக் கிட்டங்கியில் போட்டுவிட்டுத் திங்களன்று கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் உலர்பனி இருந்த தடமே இல்லை. அந்தத் தொகுப்பு ஊட்டிய புழுக்கள் ஒன்றும் உருளவில்லை. அதன்பின் கோடையில் ஆர்டர் போடுவதில்லை. கார்த்திகைக்கு மேல் சின்னச் சின்னக் குப்பிகளாக வாங்கி உறைபெட்டியில் வைத்துக்கொள்கிறோம்.

இதே ரெட்டினாலில் ஒரு வசதியும் இருக்கிறது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த புழுக்களில் பாதிக்கு ரெட்டினால் ஊட்டாமல் விட்டால், ஒப்பீட்டுக் குழு தயார். அவையும் உருண்டால், காரணம் விளக்கின் சூடாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இந்த ஒப்பீடு இல்லாத காணொளியை யார் காட்டினாலும் நான் நம்புவதில்லை.

சேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் பக்கத்தில் ஜிகேம்ப் பயன்படுத்துகிறோம். கால்சியம் ஏறினால் பச்சையாக மிளிரும் புரதம், 2013-இல் வந்த ஆறாம் தலைமுறை எங்களுடையது. வலி நரம்பைச் சிவப்பால் தூண்டி, பேசின் அணு பச்சையாக மிளிர்வதை முதன்முதலில் பார்க்கிற எவரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் இதற்கு நான் முழு மதிப்பெண் தரமாட்டேன். நரம்புத் துடிப்பு ஒன்றிரண்டு மில்லிநொடியில் முடிந்துவிடும், மிளிர்வு அடங்கவோ சில நூறு மில்லிநொடியாவது ஆகும். நெருக்கமாக வந்த துடிப்புகள் ஒரே மேடாகத் தெரியும், முன்பின் வரிசை பிடிபடாது. சேதி ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால் மின்முனைக்குத்தான் திரும்ப வேண்டும். போதாக்குறைக்கு, ஜிகேம்பைப் பார்க்கப் போடும் நீல ஒளி க்ரிம்ஸனையும் கொஞ்சம் திறக்கும். நீலத்தை முடிந்த மட்டும் குறைத்து, தூண்டலுக்கு முந்தைய சில நொடிகளையும் பதிவு செய்துகொள்வதுதான் நாங்கள் கண்ட வழி. கணக்குப் போட இலவச இமேஜ்ஜே மென்பொருள் தாராளம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். விளக்கு எல்லா வலி நரம்புகளையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் துள்ளவைக்கிறது. குளவி குத்தினால் அப்படி நடக்காது, ஓரிடத்து நரம்புகள்தான் கிளரும். ஆகவே 'இந்தப் பாதையால் இது முடியும்' என்று சொல்லலாம், 'இயற்கையில் இப்படித்தான் நடக்கிறது' என்று சொல்லிவிட முடியாது.

அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் என்பதால், வருபவர்கள் தவறாமல் கேட்பது: "இதனால கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?" பாதி பதில் இருக்கிறது. விழித்திரை நோயால் பார்வை போன ஒருவருக்கு, க்ரிம்ஸனின் ஒரு வடிவத்தை ஒரு கண்ணில் செலுத்தி, தனிக் கண்ணாடியும் அணிவித்து, மேசைமேல் இருக்கும் பொருளைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பார்வை திரும்பியதாக 2021-இல் அறிவித்தார்கள். எங்கள் புழுவில் இருப்பதும் அதே குடும்பம்தான் என்றதும் புழுவைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

தொடங்க நினைப்பவர்கள் ஈக்களுக்காக அமெரிக்காவின் புளூமிங்டன் வரை போக வேண்டியதில்லை. பெங்களூரில் ஈ மையம் இருக்கிறது, ராத்திரி பஸ்ஸில் கையோடு கொண்டுவந்துவிடலாம். ஜன்னல் ஓர இருக்கை வேண்டாம், காலையில் வெயில் நேராக விழும். மரபணு மாற்றிய ஈ என்பதால் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விளக்கு, கேமரா எல்லாம் வந்துசேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருக்காமல், அந்த விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள். குழு கூடும் வரை அர்டுயினோ பழகலாம், திரை தைக்கலாம், சாதாரண ஈயை வைத்துத் தீனி காய்ச்சிப் பார்க்கலாம்.